சாரமானியின் அளவுகோல்

சாரமானியில் பச்சை விளக்கு எரிந்ததுமே நீதிமன்றத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். வழக்கறிஞர்கள் பையை மூடினார்கள். நீதிபதி அங்கயற்கண்ணி இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பச்சை எரிந்த பிறகு நீதிபதி பேசுவதை யார் கேட்கப்போகிறார்கள்? படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது வாசலைப் பார்த்து நடக்கும் கூட்டம் மாதிரிதான்.

வந்திருந்தது முப்பத்தெட்டாம் திருத்தம். ஆழிக்கூட்டாட்சியின் நாடாளுமன்றம் தன் ஆயுளை ஆறு ஆண்டிலிருந்து ஏழு ஆண்டாக நீட்டிக்கொண்டிருந்தது. கடற்சுவர் வேலை பாதியில் நிற்கிறது, நடுவில் தேர்தல் வந்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்பது அரசின் வாதம். நியாயமான வாதம்தான். கடல் ஏறிக் கரையை விழுங்கிய பின் மிதக்கும் திட்டுகளில் குடியேறியவர்களின் நாடு அது. அங்கே சுவர் என்றால் உயிர்.

வழக்குப் போட்டவர் தாழைத்திட்டில் குடியிருக்கும் டாக்டர் நூருன்னிசா. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல், பச்சை எரிந்த பிறகும் எழுந்து தானே வாதாடினார்.

“ஒரு வருசம்தானேன்னு சொல்றாங்க. போன தடவையும் ஒரு வருசம்தான்னு சொன்னாங்க. அவ்வளவுதாம்மா என் வாதம்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அரசு வழக்கறிஞர் சேந்தன் சிரித்துக்கொண்டே எழுந்தான். “டாக்டரம்மா ஊசி போடறப்ப ‘ஒண்ணே ஒண்ணுதான்’னு சொல்றதில்லையா?”

“நான் ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணுதான் தம்பி போடுவேன்.”

மன்றம் சிரித்தது. அங்கயற்கண்ணிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தீர்ப்பை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்தாள்.

திருத்த வழக்குகள் முன்பு இப்படி ஒரு மதியத்தில் முடிந்ததில்லை. மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கினால் நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தில் எதையும் மாற்றலாம் என்று இருந்தது. ‘எதையும் என்றால், சாசனத்தையே இல்லாமல் ஆக்கலாமா?’ என்று ஒரு நாள் கேள்வி வந்தது. உயர் நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. திருத்தலாம், ஆனால் திருத்துகிறேன் என்று சொல்லி அதன் சாரத்தை அழிக்கக் கூடாது. நல்ல தீர்ப்பு. ஒரே சங்கடம், சாரம் எது என்று கேட்டால் ஏழு நீதிபதிகளும் ஏழு பதில் சொன்னார்கள். மாதக்கணக்கில் வாதம் நடந்தது. நீதிபதிகள் தங்கள் மனதில் பட்டதையெல்லாம் சாரம் என்கிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேலி செய்தார்கள்.

அதற்கு விடையாகத்தான் சாரமானி வந்தது. அதற்குள் ஒரு நிழல்நாடு இருந்தது. நாட்டின் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு மாதிரி மனிதர், அவரவர் கோபம், பயம், பாசம், பிடிவாதத்தோடு. அந்த நிழல்நாட்டை இரண்டு படி எடுப்பார்கள். ஒன்று இருக்கிற சாசனத்தின்படி நடக்கும், மற்றது திருத்திய சாசனத்தின்படி நடக்கும். வெளியே ஒரு மதியம் கழிவதற்குள் உள்ளே ஐம்பது ஆண்டுகள் ஓடிவிடும். கடைசியில் இரண்டு நாடுகளும் அக்கா தங்கை போல இருந்தால் பச்சை. ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் போனால் சிவப்பு. ஏழு பேர் உட்கார்ந்த இடத்தில் ஒரே நீதிபதி போதும் என்றாயிற்று. மேல்முறையீடு வந்தால் மட்டும் மற்ற ஆறு பேரும் கூடுவார்கள். வந்ததே இல்லை.

அன்று மாலை அங்கயற்கண்ணி வீடு திரும்பியபோது அவள் கணவன் பரிதி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். அவன் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வியாழனின் துணைக்கோள் ஒன்றில், பனிக்கட்டிக்கு அடியில் நீரோட்டம் தேடும் நிலையத்தில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவன். போகும்போது ஐந்து ஆண்டு என்று சொல்லித்தான் போனான். மாற்று ஆட்களை ஏற்றி வர வேண்டிய கலம் பழுதானது. பிறகு நிதி இல்லை என்றார்கள். அங்கிருந்து ஒரு வார்த்தை சொன்னால் இங்கே வந்து சேர முக்கால் மணி நேரம். சண்டை போடக்கூட வழியில்லாத கணவன் மனைவியாக அவர்கள் இருந்தார்கள். இப்போது சின்னச் சமையலறையில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, புதிதாகப் பழகினார்கள்.

“கயலு, பெருங்காயம் எங்க வச்சிருக்க?”

“அடுப்புக்கு மேல ரெண்டாவது தட்டுல. பழைய இடத்துலேருந்து மாத்தி ரொம்ப நாளாச்சு.”

“எல்லாமே மாத்தியாச்சு. இன்னிக்குப் படகு கட்ட இடம் கேக்கலாம்னு திட்டு மன்றத்துக்குப் போனேன். பூட்டிக் கிடக்கு.”

“மன்றம் ஏதுங்க இப்ப? ஆணையர்தான். தலைநகரத்துலேருந்து போடுவாங்க.”

“தேர்தல்?”

“ஆணையருக்கு எதுக்குத் தேர்தல்?” சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே அது ஒரு மாதிரி ஒலித்தது. “இருபத்தொண்ணாம் திருத்தம்” என்று சேர்த்துச் சொன்னாள்.

“சரி, நம்ம திட்டு வானொலியிலயாவது அந்த ஆளை நாலு வார்த்தை கேக்கலாம்னா, காலையிலேருந்து பாட்டாவே போடுறான்.”

“வருசா வருசம் உரிமம் புதுப்பிக்கணும். அதனால பாட்டோட நிறுத்திக்கிறாங்க.”

“அதுவும் திருத்தமா?”

“இருபத்தாறு.”

பரிதி கத்தியைக் கீழே வைத்தான். “நான் சரியான கலத்துலதான் ஏறினேனா? வேற ஏதோ நாட்டுல கொண்டுவந்து இறக்கி விட்டுட்டாங்களோன்னு இருக்கு.”

அவளுக்குச் சுருக்கென்றது. “ஒவ்வொண்ணும் சாரமானி பார்த்துப் பச்சை காட்டினதுங்க. ஒம்பது வழக்குல நானே உக்காந்திருக்கேன். எல்லாமே சின்னச் சின்ன மாத்தம்.”

“சின்னதுதான். நான் போறப்ப உனக்குக் காதோரம் ஒரே ஒரு நரை. தினம் கூடவே இருந்திருந்தா எனக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது.”

“அப்ப நானும் வேற ஆளாயிட்டேன்.” விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பதிலுக்காக மனம் காத்திருந்தது. அவன் வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் கேட்கப் பயந்த கேள்வி அதுதான்.

அவன் அவசரப்படாமல் யோசித்தான். “மாறிட்ட. காபியில சக்கரை போடறதில்ல. விளக்கு எரிஞ்சாத்தான் தூக்கம் வருதுங்கற. நான் ஆசையா வாங்கின நாற்காலியத் தூக்கிப் போட்டுட்ட. ஆனா நீதான்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“எறங்கின அன்னிக்கு எல்லாரும் மாலை போட்டாங்க. நீ மட்டும்தான் ‘அஞ்சு வருசம்னு சொல்லிட்டுப் போனீங்க’ன்னு கேட்ட. எனக்கு எதிர்ல நின்னு தப்புன்னா தப்புன்னு சொல்ற வாய் உனக்கு. அது போயிருந்தா நான் பயந்திருப்பேன்.”

அவள் சிரித்துவிட்டாள். கொஞ்சம் கண்ணும் கலங்கியது. வெங்காயத்தின்மேல் பழி போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் கை அசையாமல் நின்றது. சாரமானி கடைசியாக எப்போது சிவப்பு காட்டியது? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவள் நீதிபதியான பிறகு ஒருமுறைகூட இல்லை.

மறுநாள் காலையில் அவள் நேராகச் சாரமானி அறைக்குப் போனாள். அதைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர் ஜெரோம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தவர், பதறி எழுந்தார். நீதிபதிகள் அந்த அறைக்கு வரும் வழக்கமில்லை.

“சாப்பிடுங்க ஜெரோம். ஒரு சந்தேகம். இது எதோட ஒப்பிடுது?”

“சாசனத்தோடதாம்மா.”

“எந்தப் பதிப்பு?”

அவர் அவளை வினோதமாகப் பார்த்தார். எந்த மாதத்துப் பால் என்று கேட்டது போலிருந்தது அவருக்கு. “புதுப் பதிப்புதாம்மா. ஒரு திருத்தம் நிறைவேறினதும் பழசை எடுத்துட்டுப் புதுசை ஏத்திடுவோம்.”

அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அது அவர் கண்டுபிடித்த பழக்கம் அல்ல, அவளுடைய தொழிலின் பழக்கம். சட்டக் கல்லூரியில் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள், ‘இன்றுவரை திருத்தப்பட்ட’ பதிப்பு இல்லாமல் வாயைத் திறக்காதே என்று. பழைய பதிப்போடு எழுந்து நிற்கிற வழக்கறிஞரைப் பார்த்து, “அருங்காட்சியகத்துலேருந்து நேரா வர்றீங்களா?” என்று மன்றமே கேட்கும். இளம் வழக்கறிஞராக இருந்தபோது அவளையே கேட்டிருக்கிறார்கள். அன்று மாலையே பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டாள். சாரமானியை வடிவமைத்தவர்களும் சட்டம் படித்தவர்களைக் கேட்டுத்தானே வடிவமைத்தார்கள். அதனால் அது இன்றையதை நேற்றையதோடு ஒப்பிட்டது. நேற்றையதை முந்தாநாளோடு ஒப்பிட்டது. கடைசியை முதலோடு ஒப்பிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

“முதல் பதிப்பை ஏத்துங்க.”

“அம்மா, அது சட்டப்படி செத்துப்போன பதிப்பும்மா.”

“தெரியும். உசுரோட இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்.”

மதியம் அந்த அறைக்குள் இருந்த சோதனை விளக்கு எரிந்தபோது ஜெரோம் பழுதோ என்று தட்டிப் பார்த்தார். சிவப்புக் கண்ணாடியின்மேல் அவ்வளவு தூசி. அவர் தன் சட்டைக் கையால் துடைத்தார். துடைத்த பிறகும் சிவப்பாகவே இருந்தது.

“எந்த இடத்துலேருந்து இப்படி?” என்றாள் அங்கயற்கண்ணி. “ஒண்ணாவதுலேருந்து வரிசையா ஓட்டுங்க.”

மறுநாள் முழுதும், பல படிகள் ஒரே நேரத்தில் ஓடின. முதல் பதின்மூன்று திருத்தங்களைச் சேர்த்துப் பார்த்தபோதும் நாடு அதே நாடாகத்தான் இருந்தது. பதினான்காவதைச் சேர்த்ததும் சிவப்பு. அதன்பின் ஒவ்வொன்றும் சிவப்பு. ஜெரோம் பதினான்காவதை எடுத்து உரக்கப் படித்தார். “உயர் நீதிமன்ற நீதிபதிகளை நாடாளுமன்றத் தலைவர் அமைக்கும் குழு நியமிக்கும்...” பாதியில் குரல் இறங்கி நின்றுவிட்டது.

அதற்கு முன் நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்த சபையில் ஒவ்வொரு திட்டிலிருந்தும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். அங்கயற்கண்ணி நாடாளுமன்றத் தலைவரின் குழு வழியாக வந்தவள். இப்போதிருக்கிற ஏழு பேருமே அப்படித்தான்.

“அம்மா,” என்றார் ஜெரோம் மெதுவாக. “வேணும்னா பழையபடி புதுப் பதிப்பையே ஏத்திடறேன். பார்த்தது நாம ரெண்டு பேர்தான்.”

அவள் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். இதை வெளியே சொன்னால் அவள் நீதிபதி இல்லை. பரிதி இல்லாத வீட்டுக்குப் போக மனமில்லாத சாயங்காலங்களில் அவளைத் தாங்கிப் பிடித்தது இந்தக் கட்டடம்தான். யாரோ இருவருடைய சண்டையைப் பொறுமையாகக் கேட்டு, ஒரு நல்ல முடிவை எழுதி முடிக்கும்போது கிடைக்கிற அந்த நிறைவு. அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எந்தப் பொறியும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. சும்மா இருந்தாலே போதும்.

சாயங்காலம் பரிதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, “வேலை போயிடும். அவ்வளவுதானே?” என்றான்.

“அவ்வளவுதானேவா?” அவள் குரல் உயரவில்லை, ஆனால் இறுகியது. “நீங்க இல்லாத வருசமெல்லாம் என்கூட இருந்தது அந்த வேலைதாங்க. நீங்க மூணு வாரம் முன்னாடி வந்தீங்க.”

அவன் முகம் சிறுத்துப்போனது. பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “தப்புதான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“என்ன பண்ணட்டும்? சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ செஞ்சா, பின்னாடி ஒரு நாள் என்னைத் திட்டுவ. நான் சொல்லி நீ செய்யலைன்னா, இன்னிக்கே திட்டுவ.”

“எப்படியும் திட்டுவேன்.”

“அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கேன்” என்றான் அவன். அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பல வருடம் கழித்து இப்போதுதான் அவர்கள் முழுசாக ஒரு சண்டை போட்டு முடித்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் கூட்டமே இல்லை. பச்சை காட்டிய வழக்குக்கு யார் வருவார்கள்? டாக்டர் நூருன்னிசா, சேந்தன், நான்கைந்து வழக்கறிஞர்கள், சாரமானி அறைக் கதவருகே ஜெரோம், கடைசி வரிசையில் பரிதி. அங்கயற்கண்ணி தீர்ப்பை வாசித்தாள். சாரமானி எதோடு ஒப்பிட்டது, எதோடு ஒப்பிட்டிருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னாள். முப்பத்தெட்டாம் திருத்தம் செல்லாது. பதினான்காவதும், அதன்மேல் நிற்கிற மற்றவையும் செல்லாது.

சேந்தன் எழுந்தான். இந்த முறை சிரிப்பு இல்லை.

“கனம் நீதிபதி அவர்களே, மன்னிக்கணும். பதினாலாம் திருத்தத்தின்படிதான் தாங்கள் நியமிக்கப்பட்டீங்க.”

“ஆமாம்.”

“அது செல்லாதுன்னா தாங்கள் நீதிபதி இல்லை. நீதிபதி இல்லாத ஒருவர் கொடுக்கிற தீர்ப்பும் செல்லாது.”

“நான் ஏன் நீதிபதி இல்லை?”

“பதினாலாம் திருத்தம் செல்லாதுங்கறதால.”

“அது செல்லாதுன்னு யார் சொன்னது?”

“தாங்கள்தான். இந்தத் தீர்ப்புல...” சேந்தன் நின்றான். யோசித்தான். “இந்தத் தீர்ப்பு செல்லாதுன்னா பதினாலாம் திருத்தம் செல்லும். அப்ப தாங்கள் நீதிபதிதான். அப்ப தீர்ப்பு...”

“செல்லும்” என்றார் நூருன்னிசா.

“செல்லும்னா இவங்க நீதிபதி இல்லையே, டாக்டரம்மா.”

“சுத்திச் சுத்தி வாங்க தம்பி. உடம்புக்கு நல்லது.”

ஒரு வழக்கறிஞர் மெல்லச் சொன்னார், “மேல்முறையீடு போகலாமே. ஆறு நீதிபதிகள் இருக்காங்க.”

“அந்த ஆறு பேரும் பதினாலாம் திருத்தத்துல வந்தவங்கதான்” என்றான் சேந்தன். “அவங்க உக்காரலாமா கூடாதாங்கறதே இந்த வழக்கு.”

“நாடாளுமன்றம் கூடி ஒரு வழி பண்ணட்டும்.”

“முதல் பதிப்புல நாடாளுமன்றத்துக்கு நாலு வருசம்தான் ஆயுள்” என்றாள் அங்கயற்கண்ணி. “அந்தக் கணக்குப்படி அவங்க எப்பவோ வீட்டுக்குப் போயிருக்கணும்.”

அப்போது ஒரு விஷயத்தை அவள் கவனித்தாள். சேந்தன், மற்ற வழக்கறிஞர்கள், வாசல் காவலர் எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. சுவரில் இருந்த சாரமானி விளக்கின் பக்கம்.

“அதையே கேட்டுப் பார்த்துடலாமே” என்றான் சேந்தன். அவன் குரலில் வாதம் இல்லை, கெஞ்சல் இருந்தது. “இந்தத் தீர்ப்பை உள்ள போட்டுப் பார்க்கட்டும். அது என்ன சொல்லுதோ, அரசு ஏத்துக்கும்.”

அவள் ஜெரோமைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஐம்பது ஆண்டுகள் ஓட்ட வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்திலேயே ஜெரோம் உள்ளேயிருந்து வந்தார். விளக்கு எந்த நிறத்திலும் எரியவில்லை.

“என்னாச்சு?” என்றாள் அங்கயற்கண்ணி.

“நிழல்நாட்டோட ரெண்டு படியிலயும் தேர்தல் முடிஞ்சிடுச்சும்மா; எந்தப் பதிப்பு செல்லும்னு தெரியாம ரெண்டுலயுமே தீர்ப்பைப் போட வேண்டியதாச்சு. தீர்ப்பு வந்த அன்னிக்கே ஜனங்க கடையைச் சாத்திட்டுத் திட்டுக்குத் திட்டு கூட்டம் போட்டிருக்காங்க. அவங்களே ஆள் நிறுத்தி, அவங்களே வாக்குப் போட்டு, புது நாடாளுமன்றம் வந்தாச்சு. ஒப்பிடறதுக்கு இனிமே பழைய நாடே அங்க இல்ல.”

“தேர்தல் வைக்க யார் உத்தரவு போட்டது?” என்று சேந்தன் கேட்டான்.

“யாரும் போடலைங்க.”

“உத்தரவு இல்லாம எப்படி? அங்க ஒரு சாரமானி இருக்கும்ல, அது ஒண்ணும் சொல்லலையா?”

ஜெரோம் தலையைச் சொறிந்துகொண்டார். “அங்க சாரமானி இல்லைங்க. நிழல்நாட்டுக்குள்ள ஒரு சாரமானி வச்சா, அதுக்குள்ள இன்னொரு நிழல்நாடு வேணும், அதுக்குள்ள இன்னொரு சாரமானி வேணும். முடிவே இருக்காதுன்னு ஆரம்பத்துலயே விட்டுட்டாங்க. ராத்திரி பழைய பதிவெல்லாம் பார்த்துட்டிருந்தேன். அங்க ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஜனங்க சண்டை போட்டிருக்காங்க. பல தடவை நாடாளுமன்றமே பின்வாங்கியிருக்கு. அதனாலதான் அந்த நாடு தாங்கியிருக்கு. அதைப் பார்த்துட்டுத்தான் இது நமக்குப் பச்சை காட்டிட்டே வந்திருக்கு.”

மன்றம் அசையவில்லை. எல்லோரும் கேட்டார்கள், ஆனால் இன்னும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் பொறுத்தால் ஏதாவது ஒரு நிறம் வரும் என்பது போல.

அங்கயற்கண்ணி அங்கியைக் கழற்றி மடித்து நாற்காலியின்மேல் வைத்தாள். அதன்மேல் கை ஒரு நிமிடம் கூடுதலாகவே தங்கியது. படியிறங்கி வந்தபோது டாக்டர் நூருன்னிசா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

“எங்க டாக்டர் கிளம்பிட்டீங்க?”

“தாழைத்திட்டுல ஒரு கூட்டம் போடணும்ல. யாராவது ஆரம்பிக்கணுமே. நீங்களும் வர்றதுன்னா வாங்க. இப்ப நீங்களும் என்னை மாதிரிதானே, வாக்குப் போடற ஆளு.”

பரிதி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். மூவரும் வெளியே வந்தார்கள். கதவு மூடுவதற்கு முன் அங்கயற்கண்ணி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சேந்தன் விளக்குக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தான். மற்றவர்களும் அவன் பக்கத்தில் ஒவ்வொருவராக நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார்கள்.